ஒராஸ்பெக் வாங்காத கிட்டார்கள்

வடக்கே பெட்ரோபாவலிலிருந்து தெற்கே அல்மாட்டி போகும் ரயிலில் ஏழாம் பெட்டிக்கு நானும் ஒராஸ்பெக்கும் பதினோரு வருடம் பொறுப்பாக இருந்தோம். பன்னிரண்டு மணி நேரம் அவர் பார்ப்பார், அடுத்த பன்னிரண்டு மணி நேரம் நான். படுக்கை விரிப்பு கொடுப்பது, கொதிகலனுக்கு நிலக்கரி போடுவது, தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பது, இறங்க வேண்டியவர்களைத் தட்டி எழுப்புவது, கழிப்பறை கழுவுவது என்று வேலைக்குக் குறைவில்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொந்த விஷயம் என்று பேசியது இரண்டைப் பற்றித்தான். ஒன்று பிள்ளைகள், இன்னொன்று கிட்டார். பிள்ளைகள் மூன்று பேர். கிட்டார் ஒன்றுகூட இல்லை.

பெரிய உருவம். சீருடைக் கால்சட்டையை யாரிடமும் கொடுக்காமல் தானே இஸ்திரி போடுவார். பத்தொன்பது வயதில் ராணுவத்துக்குப் போனவர், தூரக் கிழக்கில் சீத்தா நகரத்துப் பக்கம் பீரங்கிப் படையில் இருந்தார். அங்கே பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனிடம் ஒரு கிட்டார் இருந்தது. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து தள்ளிய மட்டமான சாமான். தந்திகள் பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நிற்குமாம். அழுத்தினால் விரல் கிழியுமாம். கம்பளிக் காலணிகளைக் காயவைக்கும் அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். பதினெட்டு மாதம் கழித்து அந்தத் தோழன் கிட்டாரோடு ஊருக்குப் போய்விட்டான். அதோடு சரி.

"அதோட முதல் தந்தி, அந்த மெல்லிசுத் தந்தி இருக்கே, ரௌஷான்," என்பார் என்னிடம். "ஜனவரில கடுங்குளிர்ல, வெயில் அடிக்கறப்ப காத்துல பொடிப் பொடியா மின்னுமே, பனிப்பொடி. அந்த மாதிரி. அடிச்ச பிறகு சத்தம் போயிடும், ஆனா அந்தப் பொடி மட்டும் காத்துல நிக்கும். அது இருந்தாத்தான் கிட்டார்."

எங்கள் வடக்கில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பனிப்பொடி தெரியும். மைனஸ் முப்பத்தைந்தில் வானம் சுத்தமாக இருக்கும் நாளில் காற்றே மினுங்கும். ஆனால் கிட்டாரில் அதைத் தேடுகிற ஆள் என்று நான் பார்த்தது அவரை மட்டும்தான்.

ரயிலில் யார் கிட்டாரோடு ஏறினாலும் அவருக்கு முதலில் தெரிந்துவிடும். தேநீர் கொடுக்கப் போகிற சாக்கில் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை கொக்‌ஷெதாவில் ஒரு பள்ளி ஆசிரியை ஏறினாள். கரகண்டா தாண்டுவதற்குள் அவளுடைய கிட்டார் இவர் மடியில் இருந்தது. முதல் காரியமாகக் குனிந்து அதன் நடுவிலிருந்த வட்ட வாயில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"என்னண்ணே, மீனா அது?" என்றாள் ஆசிரியை.

"சிரிக்காதம்மா. பெயின்ட் நாத்தம் அடிச்சா, அவசரத்துல முடிச்சதுன்னு அர்த்தம். மர இழைப்பு வாசம் வரணும்." பிறகு கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை மேலிருந்து கீழே தடவினார். "பாரு, மெட்டுக் கம்பி எல்லாம் ஓரத்துல வெளிய குத்துது. குளிர்காலத்துல மரம் வத்திடும், இரும்பு வத்தாது. எங்க பெட்டிச் சூட்டுல இன்னும் மோசம். வீட்டுக்குப் போனதும் உறைக்குள்ள ஒரு ஈரத்துணிய மடிச்சு வை."

தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்னால் விரல் கணுவால் தட்டினார். தந்திகளை அழுத்திப் பிடித்து மெதுவாக ஒரு பழைய பாட்டை வாசித்தார். கடைசியாக முதல் தந்தியைத் தனியாகச் சுண்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் எப்போதும் ஒரே மாதிரி ஒரு சோர்வு வரும்.

"நல்ல சாமான்தான். பத்திரமா வெச்சுக்கோ."

"உங்களுக்குப் பிடிக்கலையா?"

"எனக்குன்னு ஒண்ணு எங்கயோ இருக்கும்மா," என்று எழுந்து வந்துவிட்டார்.

அல்மாட்டியில் எங்களுக்கு ஒரு முழுப்பகல் ஓய்வு உண்டு. மற்ற பெட்டிக்காரர்கள் சந்தைக்குப் போவார்கள், தூங்குவார்கள். இவர் கிட்டார் கடைகளுக்குப் போவார். நானும் பல தடவை கூடப் போயிருக்கிறேன். ஒரு கட்டிடத்தின் நிலவறையில் மார்லென் என்பவனுடைய கடை. மார்லெனுக்கு நாற்பது வயதிருக்கும். மரியாதையாக "ஒராஸெக்கே" என்றுதான் கூப்பிடுவான், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"வாங்க ஒராஸெக்கே. இன்னைக்கு எதை வேண்டாம்னு சொல்லப் போறீங்க?"

வேண்டாம் என்று சொல்ல அவரிடம் ஏகப்பட்டது இருந்தது. கண்ணாடி மாதிரி பளபளக்கும் மெருகு வேண்டாம்; மரத்துக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டது போல இருக்கிறதாம், மூச்சு விடாதாம். வாயைச் சுற்றி முத்துச் சிப்பியில் பூ, கழுத்தில் பறக்கும் கழுகு எல்லாம் வேண்டாம். தோள்பட்டையில் ஒரு கடி கடித்து எடுத்தது போல் வெட்டியிருந்தால் அதைத் தொடவே மாட்டார். பக்கவாட்டில் ஓட்டை போட்டு பேட்டரி வைத்திருந்தால், "நல்ல உடம்புல எதுக்குய்யா குழாய் சொருகுறீங்க," என்பார். பானை வயிற்றுப் பெரிய கிட்டார் என்றால் வலது கை தோளுக்கு மேல் தொங்குகிறது, அக்குள் வலிக்கிறது என்பார். இடுப்பு ஒடுங்கியது வேண்டும், தொடையில் தானாக உட்கார வேண்டும். கழுத்து மண்வெட்டிப் பிடி மாதிரி உருண்டையாக இருக்க வேண்டும், தட்டையாக இருந்தால் கட்டைவிரலுக்கு வேலை இல்லை.

இது எல்லாவற்றையும் விட அவருக்கு ஆகாதது, விற்கிறவன் முதலில் வாசித்துக் காட்டுவது. மார்லென் விரல்கள் தந்தியில் அணில் மாதிரி ஓடும். அவன் கையில் எதை எடுத்தாலும் பாடும்.

"நீ வாசிச்சா விறகுகூடப் பாடும்டா. அத கீழ வை. நான் வாசிச்சா எப்படி இருக்குன்னுதான் எனக்குத் தெரியணும்."

"அப்ப உங்க மாதிரி வாசிக்கறேன், கேளுங்க," என்று மார்லென் வேண்டுமென்றே தப்புத் தப்பாக வாசிப்பான். ஒராஸ்பெக் சிரித்துவிடுவார்.

அவருடைய மனைவி ஷோல்பான் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப கால் மணி நேரம்தான் பாத்தாரு. அதுல இவ்வளவு கேள்வி கேக்கல."

ஒரு அக்டோபரில் நாங்கள் போனபோது மார்லென் எதுவும் கிண்டல் செய்யாமல் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து ஒரு கிட்டாரை எடுத்து வந்தான். அல்மாட்டியிலேயே ஒரு ஆள் கையால் செய்ததாம், வருடத்துக்கு நாலுதான் செய்வாராம். மங்கலான செந்நிறம், மெருகு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. பூ இல்லை, கழுகு இல்லை, ஓட்டை இல்லை. ஒடுங்கிய இடுப்பு. ஒராஸ்பெக் முகர்ந்தார். கழுத்தைத் தடவினார். தட்டினார். தொடையில் வைத்தார், அது அங்கேயே பிறந்தது போல உட்கார்ந்துகொண்டது.

மார்லென் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். ஒருவழியாக இந்த மனிதனுக்குக் கிடைத்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அரை மணி நேரம் வாசித்தார். அவர் அவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. பிறகு முதல் தந்தியைச் சுண்டினார். மறுபடி சுண்டினார். மூன்றாம் முறை காதைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுண்டினார்.

"தந்தி செத்துப் போச்சு, மார்லென். பழசு."

"இன்னைக்குக் காலைல மாட்டினது, ஒராஸெக்கே. உங்களுக்காகவே மாட்டினேன்."

"இல்லப்பா. எல்லாம் சரியா இருக்கு, மேல் சத்தம் மட்டும் மந்தமா இருக்கு. கம்பளியப் போத்தின மாதிரி."

நான் ஒன்றும் இசை தெரிந்தவள் இல்லை. ஆனால் எனக்குக் கேட்டது. அவர் சுண்டிய ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய மினுக்கம் அந்த நிலவறைக் கூரை வரை போய் நின்றது. அவர் எனக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த பனிப்பொடி இதுதானா என்று அப்போதுதான் புரிந்தது. மார்லென் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டவில்லை.

படியேறி வெளியே வந்தோம். எனக்கு வரிசையாகச் சில விஷயங்கள் நினைவுக்கு வந்தன. கொதிகலன் விசில் அடிக்கும்போது அவர் பக்கத்தில் நின்றுகொண்டே சர்க்கரைப் பொட்டலம் எண்ணிக்கொண்டிருந்தது. பயணிகள் அழைப்பு மணியை அடித்தால், "இன்னைக்கு யாரும் கூப்பிடலயே" என்றது. சின்னக் குழந்தை பேசினால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மார்ச் மாதம் மருத்துவப் பரிசோதனை வரும், இந்த முறை காதைக் கருவி வைத்துப் பார்க்கப் போகிறார்களாம்; அதில் சரியில்லை என்றால் ஓடும் ரயிலில் வேலை கிடையாது. அவருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. அதனால் அழைப்பு மணியை நான் பார்த்துக்கொண்டேன். அவருடைய பன்னிரண்டு மணி நேரத்திலும் பாதித் தூக்கத்தில் எழுந்து போனேன். ஏன் எழுந்தாய் என்று கேட்டால் தூக்கம் வரவில்லை என்றேன். கிட்டாரைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றினேன். அவர் அதன் பிறகும் இரண்டு மூன்று கடைகளுக்குப் போய், "எல்லாம் செத்த தந்தி, இப்பல்லாம் தந்தியே சரியா செய்யறதில்ல," என்று திரும்பி வந்தார்.

மார்ச்சில் பெட்ரோபாவல் ரயில்வே மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நானும் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். காது பார்க்கும் அறையிலிருந்து அவர் வெளியே வந்து, கையில் ஒரு காகிதத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். காகிதத்தில் ஒரு கோடு. மேட்டில் நேராக வந்து, ஒரு இடத்தில் பள்ளத்தாக்கில் விழுவது போலக் கீழே போயிருந்தது.

"இதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்காதாம் எனக்கு," என்றார் அந்தப் பள்ளத்தைக் காட்டி. "டாக்டரம்மா பொத்தான அமுக்கிட்டே இருந்தாங்க. நான் எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்டேன். ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சுன்னு சொன்னாங்க."

"எப்ப இருந்து இப்படியாம்?"

"தெரியல. பீரங்கியா இருக்கலாம், ரயில் சத்தமா இருக்கலாம், வயசா இருக்கலாம். பதினைஞ்சு வருஷமா கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்குமாம்." காகிதத்தை முழங்காலில் வைத்து நீவினார். "ரௌஷான், அந்த அக்டோபர் கிட்டார். அதுல அந்தப் பொடி இருந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருந்துச்சுண்ணே."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

தலையை ஆட்டினார். "எப்படி இருந்துச்சு?"

"நீங்க சொல்வீங்களே, அப்படியேதான்."

அவர் காகிதத்தை நாலாக மடித்து மார்புப் பையில் வைத்தார். "நல்ல சாமானையெல்லாம் செத்துப் போச்சு செத்துப் போச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். செஞ்சவன் கேட்டிருந்தா என்ன நினைச்சிருப்பான்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மணி அடிச்சா நீ எந்திரிச்சுப் போனது இதுக்குத்தானா?"

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்.

அவரை நிலையத்துத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை எண்ணி வாங்கிக் கொடுக்கிற வேலை. மாற்றல் உத்தரவு கைக்கு வருவதற்கு முன் அவருக்கு ஒரே ஒரு பயணம் பாக்கி இருந்தது. அல்மாட்டியில் இறங்கியதும் நேராக நிலவறைக் கடைப் பக்கம் நடந்தார். காதில் புதுக் கருவி மாட்டியிருந்தார். படியில் இறங்கும்போது அதைக் கழற்றிப் பையில் போட்டார்.

"ஏண்ணே?"

"அதுல கேட்டா தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. பேச்சுக்குச் சரி. இதுக்கு ஆகாது."

மார்லென் வழக்கம்போல ஆரம்பித்தான். "வாங்க ஒராஸெக்கே, இன்னைக்கு எதை வேண்டாம்னு..."

"மார்லென், எனக்குக் காது போச்சுப்பா. மேல் சத்தம் எதுவும் கேக்காது. உன் தந்தி செத்துப் போச்சுன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ."

மார்லென் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். "எனக்கு அப்பவே சந்தேகம்தான். சொல்ல மனசு வரல."

"உனக்கும் வரல, இவளுக்கும் வரல. சரி. அந்தக் கிட்டார் இருக்கா?"

"டிசம்பர்லயே போயிடுச்சு. பாவ்லதார்ல ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போனா."

"அந்தப் பொண்ணு நல்லா வாசிக்குமா?"

"நல்லா வாசிக்கும்."

"அப்ப சரி," என்றார். சொன்ன பிறகும் ஒருமுறை அந்த உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

பிறகு சுவரில் இருந்த ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். இந்த முறை முகரவில்லை, தட்டவில்லை. மடியில் வைத்துக் குனிந்து, தாடையை மேல் விளிம்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு தந்தியைத் தட்டினார். எலும்பு வழியாகக் கேட்கிறது என்றார். ஒடுங்கிய இடுப்புக்காரிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சுவருக்குத் திரும்பின. கடைசியில் மூலையில் கிடந்த ஒரு கறுப்புக் கிட்டாரைக் கேட்டார். பானை வயிறு. கண்ணாடி மெருகு. தோள்பட்டையில் கடி. பக்கத்தில் ஓட்டை, பேட்டரி, சின்னத் திருகு பொத்தான்கள்.

"ஒராஸெக்கே, அது வேண்டாம். நீங்க அதைப் பாத்தாலே திட்டுவீங்க," என்றான் மார்லென்.

"குடு."

அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தடித்த அடித்தந்தியைச் சுண்டினார். அடுத்த இரண்டு தடித்த தந்திகளையும் சுண்டினார். மறுபடி சுண்டினார். அவர் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"விலாவுக்குத் தெரியுது," என்றார். "உள்ள வந்து முட்டுது. கீழ் மூணு தந்தியும் நல்லாவே வருது."

"மேல மூணு?"

"அதுங்க உங்களுக்கு."

அன்று வாங்கிவிட்டார். முப்பது வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கியும் வாங்காத மனிதன், தனக்குப் பிடிக்காதது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினார். மார்லென் தெரு வரை வந்து வழியனுப்பினான்.

திரும்பும் வழியில் சாரி-ஷகனில் ரயில் மத்தியானம் கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. புகை போட்ட மீனைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பெட்டி பெட்டியாக வந்தார்கள். அவர் வாசல் படியில் உட்கார்ந்து வாசித்தார். வருடக்கணக்காக அவரைத் தெரிந்த மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"கடைசில வாங்கிட்டீங்களா? என்ன இது, பாக்க சவப்பெட்டி மாதிரி இருக்கு."

"நானும் அதுக்குத் தகுந்த ஆள்தான். மீன் என்ன விலை சொல்ற?"

அவள் இரண்டு மீனைச் செய்தித்தாளில் சுற்றிச் சும்மாவே கொடுத்தாள். இனி அவர் இந்தப் பக்கம் வரமாட்டார் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது ஏழாம் பெட்டியில் என்னோடு ஒரு பெண் வேலை செய்கிறாள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் துணி வாங்கக் கிடங்குக்குப் போகும்போது அவரைப் பார்க்கிறேன். மூட்டைகளுக்கு நடுவில் கிட்டார் நின்றுகொண்டிருக்கும். சுருதி சேர்க்க மகளின் பழைய கைப்பேசியை வைத்திருக்கிறார். திரையில் முள் நடுவில் வந்து பச்சையானால் சரி. "கண்ணால சுருதி சேக்கற ஒரே ஆள் நான்தான்," என்று பெருமையடித்துக்கொள்கிறார். ஷோல்பான் மதியச் சாப்பாடு கொண்டுவந்தால் ஒரு பாட்டு கேட்டுவிட்டுத்தான் போகிறாளாம். "இத்தனை வருஷமா கிட்டார் கிட்டார்னு சொன்ன மனுஷன் இவ்வளவு சுமாரா வாசிப்பாருன்னு தெரியாமப் போச்சு," என்கிறாள் என்னிடம். சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருக்கிறது.

போன மாதம் நான் போனபோது தனியாக இருந்தார். ஒரு பாட்டை முழுதாக வாசித்தார். கீழ்த் தந்திகளிலேயே நடக்கிற மாதிரி அவரே மாற்றி வைத்திருந்த பாட்டு. முடிந்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு, முதல் தந்தியை மட்டும் ஒரு முறை சுண்டினார். என்னைப் பார்த்தார்.

"வருதுண்ணே. அந்த அளவுக்கு இல்ல. ஆனா வருது."

"எவ்வளவு நேரம் நிக்குது?"

நான் கையை உயர்த்தினேன். அவர் இன்னொரு முறை சுண்டினார். சத்தம் அடங்கி அந்தக் கடைசி இழையும் போகும் வரை காத்திருந்து கையை இறக்கினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஷ்டமா இருக்காண்ணே?"

"கேக்கணும்னு இருக்கு," என்றார். "ஒரு தடவ. வேற ஒண்ணும் இல்ல."

வெளியே எங்கள் ரயிலை நடைமேடைக்குத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அது அவருக்கும் கேட்டது. எழுந்து எனக்கான விரிப்புகளை எண்ண ஆரம்பித்தார்.